விமானங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்

"நீங்க பாத்தீங்களா?"

எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது இதுதான். மார்க்கெட்டில் தக்காளி விலை இறங்கிவிட்டது என்றாலும் கேட்பார். பக்கத்துத் தெருவில் ஒருவர் இறந்துவிட்டார் என்றாலும் கேட்பார். துக்கம் சொல்ல வந்தவரிடமே ஒருமுறை இப்படிக் கேட்க, அந்த மனிதர் வாசற்படியில் திகைத்து நின்றுவிட்டார். பார்க்கவில்லை, சொன்னார்கள் என்று பதில் வந்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்து "அப்படீங்களா" என்பார். அதற்கு மேல் பேச்சு நகராது.

எங்கள் வீட்டு மாடியில் சில வருடங்கள் தனியாகக் குடியிருந்த அம்மாள் அவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. தன் பெயர் ஊரில் அடிபடுவதை அவர் விரும்பியதே கிடையாது. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். பழனிப் பக்கம் கீரனூர்க்காரர். கோயம்புத்தூரில் ஏதோ ரேடியோ கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்தவர். திண்டுக்கல்லில் வீடு தேடிக்கொண்டு அவர் வந்தது, மதுரைக்குத் தனியார் விமானங்கள் கூடுதலாக வரத் தொடங்கியிருந்த காலத்தில்.

நான் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவருக்குப் பெயிண்ட் கடை. மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு அறைகளைக் காட்டப் போனால், அந்த அம்மாள் நேராக மேலே பார்த்தார்.

"ரூம் இருக்கட்டுங்க டீச்சர். மொட்டை மாடியைக் காட்டுங்க."

மொட்டை மாடியில் நின்று நாலு திசையும் பார்த்தார். சிறுமலைப் பக்கம் மட்டும் கொஞ்ச நேரம் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். அட்வான்ஸைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு ஆண்டெனா வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். டிவி ஆண்டெனா என்று நினைத்து என் கணவர் சரி என்றார். மறுவாரம் வந்து இறங்கியது ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வெள்ளைக் கம்பி.

"இது என்னத்துக்கும்மா?" என்றார் என் கணவர்.

"விமானம் பேசறதைக் கேக்கறதுக்குங்க."

என் கணவர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. "ஒத்தைப் பொம்பளை, சொந்தபந்தம் யாரும் எட்டிப் பாக்கல, மாடில கம்பிய நட்டு வச்சுக்கிட்டு ப்ளேன் பேசறதைக் கேக்குறேங்குது. நாளைக்கு ஒண்ணுன்னா நம்மளைத்தானே ஸ்டேஷனுக்குக் கூப்புடுவான்" என்றார்.

அவர் பயந்தது போலவே யாரோ ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். ஒரு கான்ஸ்டபிள் வந்து மாடிப்படியில் நின்றுகொண்டு, இது என்ன கம்பி என்று அதட்டினார். அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து, "உங்க அடையாள அட்டையைக் காட்டுங்க" என்றார். சீருடையில் வந்தவரிடம் அட்டை கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கான்ஸ்டபிள் சட்டைப்பையைத் தடவித் தேடி எடுத்துக் காட்டினார். வாங்கி, படத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். பிறகு அரசாங்க முத்திரை போட்ட காகிதங்களையெல்லாம் எடுத்து விரித்து, அவருக்கு விளக்கிச் சொன்னார். கூடவே நின்றிருந்ததால் எனக்கும் அன்றுதான் விஷயம் புரிந்தது.

பயணிகள் விமானம் ஒவ்வொன்றின் மூக்குப் பக்கத்திலும் வெளிக்காற்றின் வெப்பத்தையும் வேகத்தையும் அளக்கிற கருவி இருக்கிறது. விமானம் அதைத் தரைக்கு ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகிறது. வானிலை பார்க்கிறவர்கள் பலூன் விட்டுத் தெரிந்துகொள்வதை, ஏறி இறங்குகிற விமானங்கள் நாள் முழுக்கச் சும்மா சொல்கின்றன. அதைப் பிடித்துத் தொகுத்துத் தருவதற்கு அரசுத் துறை ஒன்று சென்னைக் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்தது. பிடித்துத் தருகிற ஒவ்வொரு செய்திக்கும் பணம். கம்பெனி பல ஊர்களில் மாடி பிடித்துப் பெட்டி வைத்திருந்தது. மதுரைக்கு இறங்குகிற விமானங்கள் எங்கள் தலைக்கு மேலே தாழ வருவதால் திண்டுக்கல்லுக்கு ஒரு பெட்டி. அதைப் பார்த்துக்கொள்ள இந்த அம்மாள்.

கான்ஸ்டபிள் போன பிறகும் எனக்குச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. அதற்கு அவருடைய நடவடிக்கைதான் காரணம்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம், "நாளைக்குப் பழனி போறேனுங்க" என்றார். மறுநாள் மாலை துணி தேய்க்கிறவர் அவரைப் பார்த்து, "என்னங்கம்மா, கோயம்புத்தூர்ல இருந்து அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்று கேட்டார். நான் குழம்பிப்போய்ப் பார்த்தேன். துணி தேய்க்கிறவர் போனதும் அவர் சொன்னார்:

"உங்ககிட்ட பழனின்னு சொன்னேன். பக்கத்து வீட்டம்மாகிட்ட கோயம்புத்தூர்னு சொன்னேன். எது வெளிய வருதுன்னு பாத்தேனுங்க. உங்ககிட்ட சொன்னது வரலை."

"அப்ப நீங்க எங்கதான் போனீங்க?"

"எங்கயும் போகலீங்க. மாடியிலதான் இருந்தேன்."

தேர்வில் பாஸானதாக அவர் எனக்குச் சொன்ன அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இல்லை. முதுகில் யாரோ கண் வைத்திருந்தது போல இருந்தது. அதன் பிறகு அவர் எதைச் சொன்னாலும், இது நிஜமா இல்லை எனக்கு வைத்த தூண்டிலா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

ஏன் இப்படி ஆனார் என்று இரண்டு முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை, கணவரின் அண்ணன் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி விவசாயக் காட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டார் என்றார். இன்னொருமுறை, கல்யாணமே ஆகவில்லை என்றார். எது உண்மையென்று நான் துருவவில்லை.

ஆனால் விமானங்களிடம் அவர் வேறு ஆளாக இருந்தார். ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பச்சை எழுத்தில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. "இது கொழும்புக்குப் போறதுங்க. இது மதுரைக்கு இறங்குது, இப்ப நத்தம் தாண்டுது" என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். ஒரு வரி வந்ததும் முகம் சுளித்தார். "இவன் ஒரு பொய்யனுங்க. மத்ததெல்லாம் சொல்றதைவிட எப்பவும் கொஞ்சம் சூடாச் சொல்லுவான். அவன் கருவியில ஏதோ கோளாறு. சென்னைக்கு எழுதிப் போட்டேன், யாரும் கண்டுக்கலை." ஆகாயத்தில் போகிற விமானத்தைக்கூடச் சந்தேகப்படுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

என் தம்பி சவரிமுத்து ரெட்டியார்சத்திரம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவன். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாடியைப் பார்த்துக் கேட்பான்: "மழை இருக்குமாம்மா?"

"தெரியாதுங்க. நான் பொறுக்கி அனுப்பறவ. சொல்றவங்க வேற."

அவன் என்னிடம் வந்து, "தெரிஞ்சுக்கிட்டே மறைக்குதுக்கா" என்பான்.

ஒரு வருடம் வானொலியில் வறண்ட வானிலை என்று சொன்னதை நம்பி, வெங்காயத்தைப் பிடுங்கிக் காட்டிலேயே காயப் போட்டிருந்தான். மதியத்துக்கு மேல் பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. போட்டது போட்டபடி அழுகிப்போனது. சேறு காலோடு வந்தவன், மாடிப்படிக்குக் கீழே நின்று கத்தினான்.

"ராவும் பகலும் வானத்தைத்தான கேட்டுக்கிட்டு இருக்கீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குறைஞ்சா போயிருப்பீங்க?"

"மாப்ளே, விடு, வா உள்ள" என்று என் கணவர் அவனை இழுத்துக்கொண்டு போனார். அந்த அம்மாள் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். செத்த நேரம் கழித்துக் கீழே இறங்கி வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், உங்க தம்பி வெங்காயம் எடுத்த வாரந்தானுங்களே நம்ம தெருவுல டிரான்ஸ்பார்மர் எரிஞ்சுது?"

ஆமாம். மூன்று நாள் கரண்ட் இல்லாமல் தண்ணீருக்கு அலைந்தோம். அவருடைய பேட்டரியும் முதல் நாளே தீர்ந்துபோயிருந்தது.

"அந்த வாரம் திண்டுக்கல்லுல இருந்து எல்லாச் செய்தியும் குறையில்லாம வந்துச்சுன்னு சென்னையில இருந்து பாராட்டி போன் பண்ணாங்க. ஏதோ ஆள் மாத்திச் சொல்றாங்கன்னு அப்ப விட்டுட்டேனுங்க."

"அப்ப மழையைத் தப்பாச் சொன்னது இதனாலயா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா வராத செய்தியை வந்துச்சுன்னு யாரோ சொல்றாங்க. அது தெரியுது."

அடுத்த திங்கட்கிழமை காலையில், நான் பள்ளிக்குக் கிளம்பும்போது மாடிக்குக் கூப்பிட்டார். பெட்டி அணைந்திருந்தது. திரை கறுப்பாக இருந்தது. பிளக்கைக்கூடச் சுவரிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டிருந்தார்.

"பாத்துக்கிட்டீங்களா டீச்சர்?"

"ம்."

"நாளைக்கும் வந்து பாருங்க. யாராவது கேட்டா, பாத்ததை மட்டும் சொன்னாப் போதும்."

அந்த வாரம் தினமும் ஏறிப் போய்ப் பார்த்தேன். தினமும் கறுப்புத் திரைதான். பெட்டி ஓடாமலேயே செய்தி வந்தது என்று சொல்கிறார்களா பார்க்க, கம்பெனிக்கு வைத்த தூண்டில் என்கிறார். எனக்கே வைத்ததாக இருந்தால்? கம்பெனியோடு சண்டை வந்தால் நாளைக்கு வீட்டுக்காரம்மாள்தான் பிளக்கைப் பிடுங்கினாள் என்று சொல்லிவிட்டால்? என் கணவரிடம் சொன்னேன். "நீ ஏன் மேல ஏறிப் போற? அவங்க பாடு, அவங்க கம்பெனி பாடு" என்றார். ஆனாலும் மறுநாள் ஏறினேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மாத முடிவில் சென்னையிலிருந்து போன் வந்தது. திண்டுக்கல் நிலையத்தில் ஒரு செய்தியும் தவறவில்லை, நன்றி என்று.

"பெட்டி ஒரு வாரம் ஓடவே இல்லீங்களே" என்று அவர் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். மேனேஜர் கொஞ்சமும் தடுமாறாமல், "கவலைப்படாதீங்கம்மா. உங்ககிட்ட விட்டுப்போனதைத் திருச்சி நிலையத்துல பிடிச்சு உங்க பேர்ல நிரப்பிட்டோம். ஒப்பந்தத்துல அதுக்கு இடம் இருக்கு" என்றாராம்.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். அவர் மறுநாளே திருச்சி பஸ் ஏறினார். இந்த முறை எங்கே போகிறார் என்று யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் கூடத்தில் நின்றார்.

"அங்க ஆண்டெனாவே இல்லீங்க டீச்சர். வீட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லி ரொம்ப நாளாச்சாம். நானே மாடி ஏறிப் பாத்துட்டேன். கம்பி நட்ட ஓட்டையை சிமெண்டு வெச்சு அடைச்சிருக்காங்க."

"அப்ப அந்தச் செய்தியெல்லாம்?"

"யாரோ மேசையில உக்காந்து எழுதறாங்க. நேத்து வந்ததைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு இன்னிக்கு வந்ததுன்னு அனுப்பறாங்க போல."

துறைக்குப் புகார் எழுதினார். விசாரணைக்கு ஆள் வந்தார்கள். வந்த காரில் இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் துறை அதிகாரி, ஐம்பது வயதுக்கு மேல், அதிகம் பேசாதவர். இன்னொருவர் அதே மேனேஜர். கார் கம்பெனியுடையது. அதைப் பார்த்ததுமே அந்த அம்மாளின் முகம் இறுகிவிட்டது.

எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்தார்கள். அதிகாரி என்னிடம் கேட்டார். அந்த வாரம் பெட்டி அணைந்திருந்ததைத் தினமும் பார்த்தேன் என்று சொன்னேன். மேனேஜர் மெல்லச் சிரித்தார்.

"சார், கவனிச்சீங்களா? அரசாங்க வேலைக்கான மெஷினை இவங்களே வேணும்னு அணைச்சிருக்காங்க. சாட்சியும் வச்சு அணைச்சிருக்காங்க. நாங்கதான் பாதிக்கப்பட்டவங்க."

நான் சொன்ன உண்மையை எடுத்து அந்த அம்மாள் கழுத்துக்கே திருப்பிவிட்டாரே என்று அவரைப் பார்த்தேன். அவர் அதிகாரியைத் தவிர யாரையும் பார்க்கவில்லை.

"சார், நான் சொல்றதையும் நம்ப வேண்டாம், அவரு சொல்றதையும் நம்ப வேண்டாம். கார் வாசல்ல நிக்குது. வாங்க, இப்பவே திருச்சி போயி அந்த மாடியில ஆண்டெனா இருக்குதா இல்லையான்னு பாத்துட்டு வந்துரலாம்."

மேனேஜர் செல்போனைக் கையில் எடுத்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு நேரமில்லம்மா. ராத்திரிக்குள்ள நான் சென்னை போகணும். ரிப்போர்ட் பாத்துட்டுச் சொல்றேன்."

மேனேஜரின் தோள்கள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். "சார், பிரியாணி சொல்லி வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டு ரயில்வே ஸ்டேஷன்ல விட்டுடறேன்" என்றார். இருவரும் கிளம்பிவிட்டார்கள். போகும்போது என் கணவர் மரியாதைக்கு, "இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க சார்" என்றார். அதிகாரி தலையாட்டினார்.

"அவரும் அந்தப் பக்கத்து ஆளுதானுங்க" என்றார் அந்த அம்மாள். அன்று அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். மேலே போய்ப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்துக் கம்பெனியின் ஒப்பந்தம் ரத்தாகிவிட்டது என்று செய்தி வந்தது. நான் சந்தோஷப்பட்டு ஓடிச் சொன்னேன். "போட்டிக் கம்பெனி யாரோ காசு குடுத்திருப்பாங்க" என்றார். ஒப்பந்தம் போனதோடு அவர் வேலையும் போனது. பெட்டியை எடுத்துப் போக ஆள் வந்தார்கள்.

அவர் காலி செய்ய மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் வீட்டு போனில் அவரைக் கேட்டு ஒரு அழைப்பு வந்தது. கூப்பிட்டுக் கொடுத்தேன். பேசிய ஆளிடம், "நீங்க யாருன்னு நான் எப்படிங்க நம்பறது?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண் இமைக்காமல், "எனக்குப் பெங்களூர்ல நிரந்தர வேலை கெடைச்சிருச்சுங்க. நாளைக்குச் சேர்றேன். வேற வேலை வேண்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"பெங்களூரா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"பெங்களூரும் இல்லை, ஒண்ணும் இல்லீங்க. துறையில இருந்து பேசறாங்களாம். சென்னைக்கு வந்தா வேலை போட்டுத் தர்றாங்களாம். இது அந்த மேனேஜர் வேலை. பெங்களூருன்னு சொல்லி வெச்சிருக்கேன். அங்க எனக்குத் தெரிஞ்சவங்ககிட்ட யாராவது என்னைத் தேடி வந்தாங்கன்னா, மேனேஜர்தான்னு தெரிஞ்சுபோயிரும்."

அதோடு அவர் ஊருக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு ஒருமுறை பேசினார். பெங்களூரில் யாரும் தேடவில்லை என்றார்.

அவர் போய் இரண்டு வருடம் இருக்கும். ஒரு விடுமுறையில், கொடைக்கானல் போகிற வழியில் அந்த அதிகாரி குடும்பத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். காப்பி குடித்துக்கொண்டே மாடியைப் பார்த்தார்.

"அந்த அம்மா பெங்களூர்ல நல்லா இருக்காங்களா?"

நான் முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அன்னைக்கு அந்த ஆள் முன்னாடி திருச்சி போலாம்னு நான் சொல்லியிருந்தா, நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள மாடியில ஆண்டெனா முளைச்சிருக்கும். அதனாலதான் நேரமில்லைன்னேன். ரயில் ஏறி, தனியாத் திருச்சியில இறங்கிப் போய்ப் பாத்தேன். அவங்க சொன்னது அத்தனையும் சரி. அப்புறம் நாங்களே நேரடியா நிலையம் ஆரம்பிச்சப்ப, நானேதான் போன் பண்ணி அவங்களைக் கூப்பிட்டேன். பெங்களூர்ல நிரந்தரமாக் கிடைச்சிடுச்சுன்னாங்க. சரி, நல்ல இடத்துக்குப் போயிட்டாங்கன்னு வேற ஆளைப் போட்டோம்" என்றார்.

உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் அதிகாரியின் செல்போன் எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

தம்பி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வெங்காயம் கொண்டு போன ஒரு நாள் அவனோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். அந்த அம்மாள் அங்கே ஒரு கமிஷன் கடையில் எடை பார்க்கிற வேலையில் இருப்பதை அவன் பார்த்துச் சொல்லியிருந்தான். தராசுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. என் தம்பியைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க" என்றார். அவன் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மூட்டை இறக்கப் போனான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்.

"இதை அவரே சொன்னாருங்களா? நீங்க நேர்ல கேட்டீங்களா?"

"எங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து, என் கண்ணு முன்னாடி சொன்னாரு."

தராசுத் தட்டில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை எடுத்துப் போட்டார்.

"பெங்களூருன்னு சொன்னதை அப்படியே நம்பிட்டாருங்களா டீச்சர்?"

"அப்படியே நம்பிட்டாரு."

"விசாரிக்கக்கூட இல்லீங்களா?"

"இல்ல."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வையா என்று தெரியவில்லை. மார்க்கெட்டில் அன்று நல்ல வெயில். பிறகு கையை நீட்டி, "அந்த நம்பரைக் குடுங்க" என்றார். கடை போனிலேயே அடித்தார். லாரிச் சத்தத்துக்காக ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தன் பெயரைச் சொன்னார். திண்டுக்கல் என்றார். "நான் அன்னிக்குச் சொன்னது பொய்ங்க. பெங்களூருக்கு நான் போகவேயில்லை" என்றார்.

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் முகம்தான் தெரிந்தது. புருவம் ஏறியது. பிறகு, அத்தனை வருடத்தில் நான் பார்த்திராத விதத்தில், வாய்விட்டுச் சிரித்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் பேசறேன்னு எப்படி நம்பறதுன்னு கேக்கறாருங்க."

கையை எடுத்துவிட்டு, போனில் நிதானமாகச் சொன்னார்:

"நம்ப வேண்டாங்க சார். நான் நேர்ல வர்றேன். பாத்துக்குங்க."